ஒரு போல்ட் மிச்சம்

எங்கிருந்து வந்தது இது? நாச்சிமுத்து உள்ளங்கையை விரித்துப் பார்த்தார், மூடினார், மறுபடியும் விரித்தார். மூடித் திறந்தால் இல்லாமல் போய்விடுமோ என்று ஒரு நப்பாசை. போகவில்லை. போல்ட். நட்டு மாட்டிய நிலையில், கட்டைவிரல் நீளத்தில், பார்வைக்கு ரொம்ப யோக்கியமான ஒரு போல்ட். போல்ட் நட்டு போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின்தானே, காலியாகிவிட்டது, இனி இதற்கு வேலையில்லை, பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடலாம் என்று அவர் கவிழ்த்துத் தட்டியபோது மூலையிலிருந்து டங்கென்று விழுந்து, ஷெட்டின் சிமெண்டுத் தரையில் உருண்டு, ஜீப்பின் முன்சக்கரத்துக்கு முன்னால் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தில் முட்டி நின்றது. நாலு வருஷம். நாலு வருஷமாக ஒரு ஜீப்பை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, துருச் சுரண்டி, டீசலில் ஊறவைத்து, துடைத்து, பெயிண்ட் அடித்து, திரும்பப் பூட்டி, நேற்று சாயங்காலம் இன்ஜினையும் ஓட்டிக் காது குளிரக் கேட்டாயிற்று. இன்றைக்கு வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் வண்டியை எடுத்துத் திருமூர்த்திமலைக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வர வேண்டியது. சந்தனம் வைத்தாயிற்று, பம்பரில் மாலை போட்டாயிற்று. இப்போது பார்த்து ஒன்று மிச்சம். குழம்பு மிஞ்சினால் சாயங்காலம் தோசைக்கு ஆகும். கல்யாண வீட்டில் பந்தி மிஞ்சினால் அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கலாம். போல்ட் மிஞ்சினால் எங்கேயோ ஒரு ஓட்டை காலியாக இருக்கிறது என்று அர்த்தம். எந்த ஓட்டை? உள்ளே சமையலறையில் கிரைண்டர் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்தது என்பதெல்லாம் ஒரு மரியாதைக்குச் சொல்வது, அது ஆடிக்கொண்டிருந்தது. நாளைக்குச் சொந்தக்காரர்கள் ஒறம்பரை வருகிறார்கள், மாவை ஆட்டி வழித்துப் போட்டுவிட்டு, குளித்து, சேலை மாற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று சுலோச்சனா சொல்லியிருந்தாள். ஆக, அந்தச் சத்தம் நிற்பதற்குள் நாச்சிமுத்து ஒரு ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். எதை? ஒவ்வொன்றாகக் கழற்றும்போதே போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேதான் கழற்றினார். எந்த போல்ட் எந்த ஓட்டையில் இருந்தது, எந்த வாஷர் முன்னால், எந்த வாஷர் பின்னால், எல்லாம் செல்போனில் இருந்தது. அந்த செல்போன்தான் குனியும்போது சட்டைப்பையிலிருந்து நழுவி, கியர்பாக்ஸ் சாமான்கள் ஊறிக்கொண்டிருந்த டீசல் அண்டாவுக்குள் போய்ச் சேர்ந்தது. எடுத்து அரிசிக்குள் புதைத்து வைத்துப் பார்த்தார். போன் பிழைக்கவில்லை, ஒரு வாரம் சோறுதான் டீசல் வாசம் அடித்தது. அதற்கப்புறம் எல்லாம் ஞாபகத்தில்தான். ஞாபகம் என்ன, அறுபது வயசு ஞாபகம், மூக்குக்கண்ணாடியை மூக்கிலேயே வைத்துக்கொண்டு தேடுகிற ஞாபகம். வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இந்த ஜீப்பை முதலில் பார்த்தபோது அதன் பானெட்டுக்குள் ஒரு அரசங்கன்று முளைத்திருந்தது. பின்சீட்டுக்கு அடியில் ஒரு கோழி அடை உட்கார்ந்திருந்தது. கோழி எழுந்திருக்கும்வரை வண்டியை எடுக்க முடியாது என்று தோட்டத்துக்காரர் சொல்லிவிட்டார், இவரும் குஞ்சு பொரிக்கும்வரை காத்திருந்துதான் எடுத்து வந்தார். லாரியிலிருந்து இறக்கியபோது சுலோச்சனா வாசலில் நின்று, ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, "கோழியாச்சும் குடுத்தாங்ளா?" என்று மட்டும் கேட்டாள். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி அம்மிணி, இந்தச் சின்னக் கியரைப் போட்டுவிட்டால் சேறு, மணல், மலை எதுவும் ஒரு பொருட்டில்லை என்று இவர் விளக்கினார். உடுமலைப்பேட்டையில் காய்கறி மார்க்கெட்டுக்குப் போக எதற்கு நாலு சக்கரமும் இழுக்க வேண்டும் என்று அவள் கேட்கவில்லை, கேட்காமல் விட்டதுதான் இவருக்கு உறுத்தியது. அப்புறம் ஒரு நாள் சேர்த்துவைத்துக் கேட்டாள். "நாலு சக்கரமும் இழுக்குமுன்னீங்க. நாலு வருசமாச்சு, ஒரு சக்கரங்கூட நகரக் காணமே?" தெருவில் இவருக்கு வைத்த பெயர் இவருக்கும் தெரியும். மரை கழன்ற நாச்சிமுத்து. கழன்ற மரையைத்தான் இப்போது கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார் என்று தெரிந்தால் போதும், தெருவே கூடிவிடும்.

ஜீப்புக்கு அடியில் போனார். படுத்துக்கொள்ள ஒரு பழைய பிளெக்ஸ் பேனர் வைத்திருந்தார், யாரோ ஒரு குழந்தையின் காதணி விழாவுக்கு அடித்தது. அந்தக் குழந்தையின் கன்னத்தில் தலையை வைத்துத்தான் நாலு வருஷமாக ஜீப்பின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அது இந்நேரம் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். முதலில் ஸ்டீரிங். மனசு நேராக அங்கேதான் போகிறது. கெட்டது எது என்று கேட்டால் மனசுக்கு வழி சொல்லவே வேண்டாம். ஸ்டீரிங் பெட்டியை அடிச்சட்டத்தோடு பிடிக்கும் போல்ட் எல்லாம் இருக்கிறது, தொட்டுப் பார்த்தார், இருக்கிறது. ஆனால் இருக்கிறதைத் தொட்டுப் பார்த்து என்ன பிரயோஜனம், இல்லாததையல்லவா தொட வேண்டும். பிரேக் குழாய். இருக்கிறது. முன் ஆக்சில், ஒன்று, இரண்டு, மூன்று, தடதடதடதட, எங்கே விட்டேன்? இந்தக் கிரைண்டர் ஒன்று. ஒன்று, இரண்டு. இந்த மனுஷி இன்றைக்கென்று பார்த்து இவ்வளவு மாவையா ஆட்ட வேண்டும்? ஒறம்பரை வந்தால் ஓட்டலில் வாங்கிக் கொடுத்தால் ஆகாதா? மூன்று, நாலு. ஸ்பிரிங் பட்டைகள் எல்லாம் சரி. கியர்பாக்ஸ். அதற்குப் பின்னால் நாலு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற சின்னப் பெட்டி, அதைப் பூட்டிய அன்றைக்குத்தான் இடுப்பு பிடித்துக்கொண்டது. பூட்டி முடித்தபோது இடுப்பைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தாரா, போல்ட்டைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தாரா? இடுப்பை. நிச்சயமாக இடுப்பைத்தான். சுலோச்சனா தைலம் தேய்த்துவிட்டாள், சொல்ல வேண்டியதெல்லாம் தேய்த்த தேய்ப்பில் இருந்தது. அப்படியானால் அங்கேதானோ? கையை விட்டுத் தடவினார். எல்லாம் இருந்தது. ஓட்டை என்று ஒன்று இல்லவே இல்லை. உலகத்தில் இவ்வளவு நெருக்கமாக போல்ட் பூட்டிய ஜீப் இன்னொன்று இருக்காது போலிருந்தது. சந்தோஷப்படுவதற்குப் பதிலாக நாச்சிமுத்து மூடிப் பூட்டிய பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இல்லை என்றால் தெரியாத இடத்தில் இருக்கிறது. இன்ஜினுக்குள்ளே. ஆக்சிலுக்குள்ளே. மூடி, ஆயில் ஊற்றி, பெயிண்ட் அடித்த ஏதோ ஒரு இருட்டுக்குள்ளே ஓர் ஓட்டை வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறது.

நாளைக்கு என்னாகும்னு ஆருக்குங் தெரியும்? இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் நாச்சிமுத்து இந்த வீட்டையே கட்டினார். இன்சூரன்ஸ் உத்தியோகம். எவனுடைய வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் வாங்கிக் குடித்து, பிள்ளைகளின் படிப்பை விசாரித்து, மாட்டை விசாரித்து, சரியான நேரத்தில் குரலைச் சற்றே இறக்கி இதைச் சொல்வார். கேட்டவன் ஒருமுறை பெண்டாட்டியைத் திரும்பிப் பார்ப்பான். பார்த்தானென்றால் பாலிசி. சொல்லும்போது இவருக்கு ஒன்றும் ஆகாது, ஊர் முழுக்க அம்மை ஊசி போட்டவருக்கு அம்மை வராத மாதிரி. எத்தனை விதமான சாவைப் பார்த்தாயிற்று. தென்னை மரத்தில் ஏறி விழாதவன் கட்டிலிலிருந்து விழுந்தான். கிணறு வெட்டி அறுபது அடி இறங்கி ஏறினவன் குளியலறையில் சோப்பு வழுக்கிப் போனான். எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்று எழுத வேண்டும், எழுதும்போது அது எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும். சோப்பு. வாழைப்பழத் தோல். அவிழ்ந்த வேட்டி. பெரிய காரணத்துக்குச் செத்தவன் என்று அவர் சர்வீஸில் ஒருவன்கூட இல்லை. ஒரு போல்ட். எழுதிப் பார்க்கவே எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது. ஊரிலுள்ள எல்லார் பெண்டாட்டி பெயரிலும் பாலிசி எழுதியவர் சுலோச்சனா பெயரில் மட்டும் எழுதவில்லை. மேலதிகாரிகள் கேட்டிருக்கிறார்கள், என்னப்பா உன் வீட்டிலேயே இல்லையா என்று. பாரத்தை எடுத்துப் பெயர் வரைக்கும் எழுதுவார். அதற்கு மேல் பேனா போகாது. நாளைக்கு என்னாகும் என்று அவளைப் பற்றி மட்டும் அவரால் யோசிக்க முடியாது. முப்பத்துநாலு வருஷமாக யோசிக்காமல் தப்பித்து வந்தவரை இப்போது ஒரு போல்ட் பிடித்து உட்காரவைத்து யோசி என்கிறது. அந்த இடதுபக்கச் சீட்டில், கதவுகூட இல்லாத வண்டியில், மடியில் தேங்காய்க் கூடையோடு அவள் உட்கார்ந்திருப்பாள்.

"ஏனுங்ணா, அடியில இருக்கறீங்ளா?" இரண்டு செருப்புக் கால்கள் வந்து எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் நின்றன. எதிர்வீட்டு ஜோதிராஜ். தினமும் காலையில் பல் துலக்கியதும் வந்து ஜீப்பைப் பார்க்காவிட்டால் அந்த ஆளுக்குக் காப்பி இறங்காது. நாச்சிமுத்து போல்ட்டை இறுக்கி மூடிக்கொண்டார். "மாலையெல்லாம் போட்டிருக்குதுங். இன்னைக்கு ஓடுமுங்ளா?" ஓடும் என்று அடியிலிருந்தே சொன்னார். "அக்காவும் வராங்ளாமா? கேள்விப்பட்டனுங்." கேள்விப்பட்டாயிற்று. இந்தத் தெருவில் மிக்ஸி போட்டால்கூட என்ன சட்னி என்று தெரிந்துவிடும். "நல்லதுங்ணா. பூட்டறதெல்லாம் சரியாப் பூட்டிட்டீங்ளா? எங்க சின்ன மாமன் இப்படித்தானுங், மோட்டாரக் கழட்டி மாட்டுனாரு. எல்லாம் முடிஞ்சு பாத்தா ஒரு சாமான் மிச்சம்." நாச்சிமுத்து எழுந்திருக்கப் பார்த்து சைலன்சரில் நெற்றியை இடித்துக்கொண்டார். "அப்பறம்?" "அப்பறம் என்னங். போட்டாரு. ஓடுச்சு." "ஓடுச்சா!" "ஓடுச்சுங்ணா. நல்லாவே ஓடுச்சு. மாமன்தான் இல்ல." சொல்லிவிட்டு ஜோதிராஜ் சிரிக்கவுமில்லை, வருத்தப்படவுமில்லை, செருப்பைத் தரையில் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு, "வரனுங்" என்று போய்விட்டார். மாமன் மோட்டாரால் போனாரா, வயசாகிப் போனாரா? கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்டால் ஏன் கேட்கிறீங்க என்பார். நாச்சிமுத்து காதணி விழாக் குழந்தையின் மூக்கின்மேல் கையை ஊன்றி மெதுவாக வெளியே வந்தார்.

ஒன்று செய்யலாம். தூக்கி எறிந்துவிடலாம். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் காலி மனை, கருவேல முள், எறிந்தால் எவனும் தேட மாட்டான், இவரே தேடினாலும் கிடைக்காது. இல்லாத போல்ட்டுக்கு எந்த ஓட்டை? கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. போகிற வழியில் கால்வாய் ஒன்று வரும். கால்வாயை ஒட்டியே கொஞ்ச தூரம் போய்த்தான் ரோடு திரும்பும். ரோடு திரும்பும்போது ஸ்டீரிங் திரும்பும், சக்கரம் திரும்பாது. சுலோச்சனா கத்த மாட்டாள், அவள் கத்துகிற ரகமில்லை. திரும்பி இவரைப் பார்ப்பாள், அவ்வளவுதான். கோழியாச்சும் குடுத்தாங்ளா என்று கேட்டபோது பார்த்தாளே, அதே பார்வை. நாச்சிமுத்து கையை இறக்கினார். போல்ட்டைச் சட்டைப்பையில் போட்டார். கனத்தது. ஒரு போல்ட் எவ்வளவு கனக்கும்? ஒன்றும் கனக்காது, ஆனால் சட்டை இடதுபக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. அப்படியானால் சொல்லிவிட வேண்டியதுதான். ஒன்று மிஞ்சிவிட்டது அம்மிணி, இன்றைக்கு வேண்டாம், நான் மட்டும் போய்விட்டு வருகிறேன். சொன்னால் என்ன செய்வாள்? ஒன்றும் செய்ய மாட்டாள். சரிங் என்பாள். எடுத்து வைத்த நல்ல சேலையைத் திரும்பப் பீரோவில் வைத்துவிட்டுப் பழைய சேலையோடே இருந்துவிடுவாள். அதற்கப்புறம் இந்த ஜென்மத்தில் ஏறமாட்டாள். அந்தத் தகர டப்பாவில் காலை வைக்கவே மாட்டேன் என்று நாலு வருஷமாகச் சொன்னவள் நேற்று ராத்திரி ரசஞ்சாதம் போட்டுக்கொண்டிருந்தபோது, கரண்டியைப் பார்த்தபடி, "நாளைக்கு நானும் வரட்டுங்ளா?" என்றாள். இவருக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டியவளும் அவள்தான். இந்த ஜீப்புக்காக அவர் பார்க்காத பாடில்லை, ஆனால் அதிலிருந்து கைக்கு வந்தது என்று பார்த்தால் அந்த ஒரு வரட்டுங்ளாதான். அதைப் போய்த் தன் வாயாலேயே இல்லையென்று ஆக்க வேண்டும். ஆக்கத்தான் வேண்டும். ஏறாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கட்டும், ஆயுசுக்கும் சொல்லிக்காட்டட்டும். இருந்தால்தானே சொல்லிக்காட்ட முடியும்? இந்த நியாயம் சட்டென்று பிடிபட்டதும் நாச்சிமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தார்.

சமையலறை வாசலிலேயே சத்தம் ஆளைப் பிடித்துத் தள்ளியது. பெரிய பழைய கிரைண்டர், அடியில் இரும்பு ஸ்டாண்ட், அதில் மோட்டார். கல்லு சுற்றச் சுற்ற ஸ்டாண்ட் முழுக்க வடக்கும் தெற்குமாகக் குதித்தது. சுலோச்சனா ஒரு கையில் தண்ணீர்ச் செம்போடு, இன்னொரு கையால் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். "அம்மிணி," என்றார். கேட்கவில்லை. "அம்மிணி! ஒரு போல்ட் மிச்சமாயிருச்சு!" அவள் திரும்பிப் பார்த்து, "போண்டாவா? போண்டா எங்க இருந்துங் மிச்சம்? நேத்து நீங்கதான தின்னு தீத்தீங்க," என்று கத்தினாள். "போண்டா இல்ல! போல்ட்! போல்ட்!" "உரிச்சுப் போடறதா? தேங்காயவா?" "இல்ல அம்மிணி! வண்டி! வண்டியில!" "வண்டியிலயே உரிச்சுக்கலாமுங்! சத்தம் போடாதீங்க, தெருவே கேக்குது!" ஒரு வீட்டுக்காரர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வந்து உண்மையைச் சொல்லும்போது இப்படியா ஆக வேண்டும். இன்னும் கிட்டே போய்க் காதோடு சொல்லலாம் என்று நகர்ந்தபோதுதான் அவள் காலைப் பார்த்தார். வலது காலைத் தூக்கி ஸ்டாண்டின் கீழ்ச் சட்டத்தின்மேல் ஊன்றி, இடுப்பிலிருந்து முழு பாரத்தையும் அதில் இறக்கி நின்றுகொண்டிருந்தாள். ஒற்றைக் காலில் நின்று மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். பாதத்தில் சட்டத்தின் விளிம்பு பதிந்த இடத்தில் தோல் காய்த்துப் போயிருந்தது. எத்தனை நாளாக இப்படி நிற்கிறாள்? இந்தப் பக்கம் வந்து பார்த்து எவ்வளவு நாளாயிற்று? "வந்ததுதான் வந்தீங்க, சித்தெ இந்தப் பக்கத்த அமுத்திப் புடிங். மாவ வழிச்சர்றேன்," என்றாள். நாச்சிமுத்து குந்தி உட்கார்ந்து ஸ்டாண்டின் மூலையை இரண்டு கையாலும் பிடித்தார். மோட்டாரைத் தாங்குகிற தட்டு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அடங்கவில்லை. விரலை உள்ளே கொடுத்து இறுக்கிப் பிடிக்கப் பார்த்தார். ஆள்காட்டி விரல் ஒரு ஓட்டைக்குள் போனது.

காலி ஓட்டை. விரலை எடுத்தார், மறுபடி விட்டார். இந்த மூலையில் ஒரு போல்ட். அந்த மூலையில் ஒரு போல்ட். பின்னால் ஒன்று. இங்கே இவருடைய விரல். அப்போது மழை பெய்துகொண்டிருந்தது. மனசுக்குள் அந்த மழை சத்தமில்லாமல் வந்தது. ஜீப்பின் சீட்டுகளைப் பூட்ட வேண்டும், பழைய போல்ட்டெல்லாம் துருவாகி உதிர்ந்துவிட்டது, கடைக்குக் கொண்டுபோய்க் காட்ட மாதிரிக்கு ஒரு போல்ட் இல்லை. கட்டில் போல்ட்டைக் கழற்றி ஓட்டையில் விட்டுப் பார்த்தார், சேரவில்லை. தையல் மெஷின் போல்ட் சேரவில்லை. கிரைண்டர் போல்ட் சொல்லிவைத்த மாதிரி உள்ளே போய் உட்கார்ந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு குடையோடு ஓடி, இதே மாதிரி எட்டு கொடுங்க என்று வாங்கினார், ஒரு சீட்டுக்கு நாலு. வந்ததும் உடனே மாட்டிவிடலாம் என்று மாதிரியை பிஸ்கட் டின்னில் போட்டார். மறுநாள் சுலோச்சனா வந்து, கிரைண்டர் ஆடுதுங், என்னான்னு பாருங்க என்றாள். இவரும் வந்தார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். ஒரு ஜீப்பையே கழற்றி மாட்டுகிறவர், கிரைண்டர் எம்மாத்திரம்? தரை மட்டமில்ல அம்மிணி என்று தீர்ப்புச் சொல்லி, ஒரு அட்டையை மடித்துக் காலுக்கடியில் செருகிவிட்டுப் போனார். அவளும் நம்பினாள். ஜீப்பு ஓடும் என்பதை நம்பாதவள் தரை மட்டமில்லை என்பதை நம்பினாள். இரண்டு வருஷம். அந்த அட்டை இப்போதும் அங்கேயே, மாவுத் தண்ணீர் பட்டுக் கருத்துப்போய் இருந்தது. நாச்சிமுத்துவுக்குக் காது சூடானது. சிரிப்பும் வந்தது, சிரிக்கவும் வெட்கமாக இருந்தது. உள்ளுக்குள் பெரிய பாரம் ஒன்று இறங்கியது, இறங்கிய கையோடு வேறொன்று ஏறி உட்கார்ந்துகொண்டது.

"நிறுத்து அம்மிணி," என்று சுவிட்சை இவரே எட்டி நிறுத்தினார். போல்ட்டை எடுத்து ஓட்டையில் விட்டார், இரண்டு வருஷப் பிரிவைப் பற்றி ஒன்றும் கேட்காமல் அது வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. பையிலிருந்த ஸ்பேனரால் நட்டை முறுக்கினார். சுவிட்சைப் போட்டார். கிரைண்டர் உம்மென்று ஒரு சீராகச் சுற்றியது. அவ்வளவுதான், வேறு சத்தமே இல்லை. பக்கத்து வீட்டு ரேடியோ கேட்டது. வாசலில் ஒரு காக்கா கேட்டது. சுலோச்சனா காலை மெதுவாகக் கீழே இறக்கி, அதை நம்பாத மாதிரி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "தரை மட்டமாயிருச்சுங்ளா?" என்றாள். நாச்சிமுத்து எழுந்திருக்கவில்லை. குந்திய வாக்கிலேயே, மழையிலிருந்து ஆரம்பித்து எட்டு போல்ட் வரைக்கும், டின் வரைக்கும், ஓங்கிய கை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். அவள் மாவை வழித்துக்கொண்டே கேட்டாள். "ஆக, என்ற கிரைண்டர்ல கழட்டுன போல்ட்டுக்கு இன்னைக்குக் காத்தால இருந்து ஜீப்புக்குள்ள ஓட்டையத் தேடிட்டு இருந்தீங்க." "ஆமா." "அது கெடைக்காட்டி என்னைய வேண்டாமுன்னு சொல்லப் போறீங்க." "ஆமா அம்மிணி." ஏதோ சொல்லப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டார். அவள் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெருங்காய டப்பாவை எடுத்துத் திறந்து அவர் உள்ளங்கையில் கவிழ்த்தாள். போல்ட். கட்டைவிரல் நீளத்தில், பெருங்காய வாசத்தோடு, அதே மாதிரி இன்னொன்று. "போன வருசம் ஷெட்டக் கூட்டறப்ப கெடந்துச்சுங். உங்க ஜீப்போடதா இருக்கும், கேட்டாக் குடுக்கலாமுன்னு எடுத்து வெச்சேன். நீங்க கேக்கவே இல்ல." ஒரு வருஷமாக இது இந்த அலமாரியில். கைக்கெட்டும் தூரத்தில் கிரைண்டர் குதித்துக்கொண்டிருந்திருக்கிறது. எட்டு வாங்கினோம். இது ஒன்று என்றால் மாட்டியது ஏழு. நாச்சிமுத்து எழுந்தார், இடுப்பு பிடித்தது, அதைப் பொருட்படுத்தாமல் ஷெட்டுக்கு ஓடினார்.

டிரைவர் சீட்டில் நாலும் இருந்தது. எண்ணவே வேண்டாம், அவருக்குத் தெரியும், பூட்டிய நாளிலிருந்து அந்தச் சீட்டில் அவர் உட்காராத நாள் இல்லை. இன்ஜின் இல்லாத காலத்திலேயே அதில் உட்கார்ந்து வாயாலேயே சத்தம் எழுப்பி மலையேறியிருக்கிறார். இடதுபக்கச் சீட்டின்மேல் ஸ்பேனர் பெட்டி இருந்தது. எப்போதுமே அங்கேதான் இருக்கும். அதை இறக்கி வைத்து மெத்தையைத் தூக்கினார். மூன்று போல்ட், ஒரு ஓட்டை. சீட்டைப் பிடித்து ஆட்டினார், ஆடியது. ஸ்டீரிங், பிரேக், ஆக்சில் என்று உலகத்திலுள்ள எல்லாவற்றுக்கும் அடியில் போய்ப் படுத்துத் தேடினார், அவள் உட்காரப் போகிற இடத்தை மட்டும் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. அதில் ஒரு தடவைகூட அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை. பெருங்காய போல்ட்டை உள்ளே விட்டு முறுக்கினார், கை வலிக்க முறுக்கினார், அதற்கு மேல் முறுக்கினால் மரை போய்விடும் என்று தெரிந்தும் இன்னொரு அரைச்சுற்று முறுக்கினார். அப்புறம் மற்ற ஏழு போல்ட்டையும் சாவகாசமாக ஒருமுறை இறுக்கிவிட்டு, மெத்தையைப் போட்டு அதன்மேல் தானே ஏறி உட்கார்ந்து முன்னும் பின்னுமாக ஆடிப் பார்த்தார். "அது என்ற எடமுங்," என்றாள் சுலோச்சனா. ஷெட் வாசலில், ஊதா நிறச் சுங்குடியில், தேங்காய்க் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். குளித்த ஈரம் காதோரத்தில் இருந்தது. நாச்சிமுத்து இறங்கினார். இறங்கியதும் பழைய பயம் பின்னாலேயே இறங்கி வந்தது. "அம்மிணி, எல்லாஞ் சரியா இருக்குது. இருந்தாலும் போற வழியில ஏதாச்சு ஆயி..." "என்னாகும்னு ஆருக்குங் தெரியும்?" என்றாள் அவள். "ராவுகாலம் வந்துரும். ஏறுங்."

சாவியைத் திருப்பினார். இருமி, கனைத்து, இன்ஜின் பிடித்துக்கொண்டது. கியரைப் போட்டுக் கிளட்சை விட்டதும் நாலு எலுமிச்சம்பழமும் ஒன்றன்பின் ஒன்றாக நசுங்கின, அந்த வாசம் டீசல் வாசத்தோடு கலந்து மேலே வந்தது. ஜோதிராஜ் எதிர்வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு, ஓடுகிறதை நம்பலாமா கூடாதா என்ற முகத்தோடு நின்றார். ஜீப் தெருவில் இறங்கியது. தடதடவென்று ஆடியது. எங்கும் எதுவும் கழலவில்லை, சும்மா ஆடியது, பழைய ஜீப் என்றால் ஆடத்தான் செய்யும். நாச்சிமுத்து ஓரக்கண்ணால் இடதுபக்கம் பார்த்தார். சுலோச்சனா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மடியில் கூடையோடு, வலது காலைத் தகரத் தரையில் முழு பாரத்தோடு அமுக்கி ஊன்றியிருந்தாள். "என்ன அம்மிணி, காலப் போட்டு அந்த அமுத்து அமுத்தற? பிரேக்கு என்ற பக்கந்தான் இருக்குது." அவளும் குனிந்து தன் காலைப் பார்த்தாள், அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது போலிருந்தது. "பிரேக்குக்கு இல்லீங் மாமா. ஆடற சாமானுன்னா கால் தானாப் போயி அமுத்துது. ரெண்டு வருசப் பழக்கமுங்." வண்டி கடைவீதியைத் தாண்டித் தெற்கே திரும்பியது. ஸ்டீரிங் திரும்பிய பக்கமே சக்கரமும் திரும்பியது. அவர் பக்கத்துத் தகரம் கடகடவென்று அடித்துக்கொண்டே வந்தது, அவள் கால் வைத்த பக்கம் மட்டும் சத்தமில்லை. "கால எடுத்தரட்டுங்ளா?" என்றாள்.

"வேண்டாம் அம்மிணி," என்றார் நாச்சிமுத்து. "அப்படியே வெச்சுக்க."